ஆடிக் காற்றில் ஊவாவுக்கு வந்தவர்கள்

 

கொழும்பிலும் கிழக்கிலும் இருந்து சொந்தக்காரர்கள் நம்மூர் பக்கம் வரும் காலம் இது. எல்ல வரை போகிறார்கள், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்கிறார்கள், லிப்டன் சீட்டில் தேநீர் குடிக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். போகும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நுவரெலியாவில் ஒரே மழை, இங்கே மட்டும் எப்படி இப்படி வெயில்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் ஊவாவின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தையே சொல்ல வேண்டிவரும். நீண்ட பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலில் இருந்து நீரைச் சுமந்து வருகிறது. ஹட்டன், நுவரெலியா மலைகளில் ஏறும்போது அந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் காய்ந்த காற்று. இறங்க இறங்கச் சூடாகிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்கிறார்களே, அதே காற்றுத்தான். பதுளைக் கோச்சியில் வருபவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். பட்டிப்பொலையில் மூடுபனி இருக்கும். சுரங்கத்துக்குள் போய் ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் வெயில் அடிக்கும். நமக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும்.

உலகில் இதே மாதங்களில் வெயிலுக்காக ஆட்கள் தேடிப் போகும் இன்னொரு மலைநாடு தென்னமெரிக்காவின் அந்தீஸ். பெரு நாட்டின் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பண்டாரவளையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் அங்கே குளிர்காலம். ஆனால் மழையில்லாக் குளிர்காலம். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி. இன்கா மக்களின் தலைநகரை 1533இல் ஸ்பானியர் பிடித்தார்கள். சூரியக் கோயிலின் கற்சுவர்களுக்கு மேலேயே தங்கள் தேவாலயத்தைக் கட்டினார்கள். இன்று வரும் பயணிகள் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். கீழே இருக்கும் கல் யாருடையது, மேலே இருக்கும் சுவர் யாருடையது என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஊவாவிலும் அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது. நாம்தான் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆங்கிலேயருக்கு முன்பே காய்ந்த காலத்தில் இந்த மலைக்கு வந்தவர்கள் தவளக்காரர்கள். அம்பாந்தோட்டையின் உப்பளங்களில் உப்பு விளைவதும் இதே காற்றில்தான். அந்த உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி மேலே கொண்டுவந்து, பாக்கையும் மிளகையும் கீழே கொண்டுபோனார்கள். அதில் நம் முஸ்லிம் மக்களின் பங்கு பெரியது. கண்டி அரசில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்று ஒரு பிரிவு இருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் அவர்கள் வெல்லஸ்ஸ முஸ்லிம்களைச் சிங்களத் தலைவரின் அதிகாரத்தில் இருந்து பிரித்து, ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்குத் தலைவராக நியமித்தார்கள். உள்ளூர்த் தலைவர்களுக்கு அது பெரும் ஆத்திரத்தைக் கொடுத்தது. கிளர்ச்சி வெடித்ததும் ஹஜ்ஜி மரிக்கார் பிடித்துக் கொல்லப்பட்டார். பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு முழுக்க ஆங்கிலப் படை ஊவாவின் வீடுகளையும் வயல்களையும் தோப்புகளையும் எரித்தது. கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் தூக்கு மேடை அனுப்பப்படவில்லை, தலை வெட்டப்பட்டார். ஒரு சமூகத்தை இன்னொரு சமூகத்துக்கு எதிரே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மூரிலேயே பாடம் இருக்கிறது.

அதன் பிறகு வந்தது கோப்பி. காடு வெட்டப்பட்டது, பாதை போடப்பட்டது. பதுளையின் நிர்வாகியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் பாதைகளைப் போட்டார், ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டார் என்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரில் நாம் தினமும் கடந்து போகும் சென் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டதுதான்.

கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் தெரிய வந்த இடம் எது தெரியுமா? நம் மடுல்சீமை. ஆண்டு 1869. சில ஆண்டுகளில் தோட்டங்கள் மொட்டையாகின.

இந்த இடத்தில்தான் அந்தீஸ் மலை நம் மலையோடு வந்து சேர்கிறது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையில் இருந்து வருவது. அந்த மரம் அந்தீஸின் சொந்த மரம். ஆங்கிலேயர் 1860இல் மார்க்கம் என்பவரைப் பெருவுக்கு அனுப்பிச் செடிகளையும் விதைகளையும் கொண்டுவரச் செய்தார்கள். 1861இல் ஹக்கலைத் தோட்டத்தில், ஊவாவைப் பார்த்தபடி நிற்கும் அந்த மலையடியில், சிங்கோனா நடப்பட்டது. கோப்பி செத்ததும் துரைமார் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து விற்றதால் விலை விழுந்தது. ஒல்லாந்தர் ஜாவாவில் இன்னும் நல்ல இனத்தை வளர்த்துச் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நல்ல இனத்தின் விதையைச் சேகரித்துக் கொடுத்தவர் மனுவேல் இன்க்ரா என்ற பொலிவிய நாட்டுப் பழங்குடி மனிதர். லெஜர் என்ற ஆங்கில வியாபாரிக்காக, நல்ல மரங்கள் விதை தரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேகரித்தார். விதை கடத்தியதாகச் சொல்லி அவரைச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே அவர் உயிர் போனது. மரத்துக்கு வைக்கப்பட்ட பெயர் லெஜருடையது.

சிங்கோனா போய்த் தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னை தொழிற்சாலை அந்தக் காலத்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் காய்ந்த காற்று காசாக மாறியது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றில் வாடும் கொழுந்து மெதுவாக வளர்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் செடி சில வாசனைப் பொருட்களை அதிகமாகச் சுரக்கிறது. அதில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தில் மணக்கிறதே, அதேதான். ஊவா தேயிலைக்கு உலகில் தனி இடம் கிடைத்தது இந்த மணத்தால்.

ஆனால் மணம் கூடும் மாதங்களில் கொழுந்து குறையும். கூடை நிறையாது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஏலத்தில் விலை ஏறும் அதே மாதத்தில், கொழுந்து பறித்த அக்காவின் கையில் சம்பளம் இறங்கும். ஊவா தேயிலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேயிலைக்காக ரயில் வந்தது. 1885இல் நானுஓயா, 1890களின் நடுவில் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் எடுத்தன. முதல் கோச்சி இங்கே வந்தது 1924இல். இடையில் முதலாம் உலகப் போர். ஒன்பது வளைவுப் பாலம் இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்தது அந்த ஆண்டுகளில்தான். தெமோதரையில் ரயில் பாதை வட்டம் சுற்றி, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்தப் பாதையில் வேலை செய்தவர்களைப் பற்றி நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தலைப்பாகை ஒன்றுதான்.

ரயில் வந்ததும் பண்டாரவளை ஓர் ஆரோக்கிய நகரமானது. நுவரெலியாவின் சீசன் ஏப்ரல். ஜூனில் அங்கே மழை தொடங்கியதும், வெயில் வேண்டியவர்கள் மலையின் இந்தப் பக்கம் வந்தார்கள். துரைமாருக்காகத் தொடங்கிய பண்டாரவளை ஹோட்டல் இன்றும் நிற்கிறது.

அதே காற்றை நம்பி ஆங்கிலேயர் கைதிகளையும் கொண்டுவந்தார்கள். தென்னாபிரிக்காவில் போயர் மக்களோடு நடந்த போரில் பிடிபட்ட சுமார் 5,000 பேர் 1900 ஓகஸ்ட் முதல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் தியத்தலாவையில் தகரக் கொட்டில்களில் அடைக்கப்பட்டார்கள். 1902இல் போர் முடிந்ததும் ஆங்கில மன்னருக்கு விசுவாசம் சொன்னவர்கள் ஊர் திரும்பினார்கள். சொல்ல மறுத்த எங்கல்பிரெக்ட் என்பவர் இங்கேயே தங்கி, பின்னாளில் யாலவின் முதல் வனக் காவலர் ஆனார்.

தியத்தலாவைக் கைதிகள் இரண்டு ஆண்டுகளில் வீடு போனார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் இருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்து லயத்தில் குடியேறியவர்களின் கதை வேறு. இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டார்கள். தேயிலையை இறக்க வந்த கோச்சி, குடும்பங்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன கோச்சியாகவும் ஆனது. மலையகத்தில் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். நம் நகரக் கடைகளின் பழைய கடன் கொப்பிகளில் அந்தக் குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. போவதற்கு முன் வந்து கணக்குத் தீர்த்தவர்களைப் பற்றி நம் வாப்பாமார் சொல்லக் கேட்டவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

அந்தீஸ் நமக்குத் தந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உருளைக்கிழங்கு. அங்குள்ள மக்கள் ஜூன், ஜூலை உறைபனியில் கிழங்கை இரவில் உறைய விட்டு, பகல் வெயிலில் காய வைத்து, மிதித்து நீரை வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் சேமிக்கிறார்கள். வெலிமடையிலும் ஊவா பரணகமவிலும் நெல் அறுத்த வயலில், இதே மாதங்களில் கிழங்கு போடுகிறார்கள். அந்த மலையும் இந்த மலையும் காய்ந்த காலத்தை வீணாக்கவில்லை.

ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். இன்றைய விஷயம் அதுதான்.

வயலுக்கும் விடுதிக்கும் லயத்துப் பீலிக்கும் ஒரே மலையின் ஊற்றுதான். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நீர்க்கசிவு தொடங்கியபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது, மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் 2024இல் திறக்கப்பட்டு மின்சாரமும் தருகிறது. ஆனால் மலைக்குள் இருக்கும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் காட்டின. காற்று அடிக்கும் மாதங்களில் பீலியில் நூல்போல விழும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்கள் பெரும்பாலும் லயத்துப் பெண்களும், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும்தான். முதல் பாடவேளைக்குப் பிந்தி வரும் பிள்ளையிடம் காரணம் கேட்கும் ஆசிரியர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்று விஷயங்கள் கேட்கிறேன்.

ஒன்று, விருந்தினரைப் பாலத்துக்கு அழைத்துப் போகும்போது வெறும் படத்தோடு திரும்பாதீர்கள். கோப்பி செத்த மடுல்சீமையையும், கைதிகள் இருந்த தியத்தலாவையையும், கோச்சியில் போனவர்களையும் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இரண்டு, கடையிலோ வீட்டிலோ பழைய கடன் கொப்பி, தோட்டத்துச் செக்ரோல், கங்காணித் துண்டு, ரயில் பாதை வேலைப் படம் ஏதும் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்தாவது வையுங்கள். அவை இல்லாவிட்டால் தலைப்பாகைக் கதை மட்டும்தான் மிஞ்சும்.

மூன்று, விடுதி நடத்தும் சகோதரர்கள், தோட்டம் செய்யும் நண்பர்கள் ஊற்றுக்குக் குழாய் போடும்போது கீழே இருக்கும் லயத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பள்ளிவாசல், கோயில், பன்சலை எல்லாம் சேர்ந்து பேசினால் காய்ந்த மாதங்களுக்கு ஒரு பங்கீடு செய்வது முடியாத காரியமில்லை. 1817இல் நம்மைப் பிரித்து வைத்தார்கள். தண்ணீரையாவது சேர்ந்து பங்கிடுவோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கோச்சிக் கதையோ கடைக் கதையோ இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும், முடிந்தால் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.