தாஜ்மஹாலுக்குப் பின்னே ஒரு பிரசவம்

தாஜ்மஹாலைக் காதலின் சின்னம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது பிரசவத்தில் உயிர்நீத்த ஒரு தாயின் கப்ரு என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

அர்ஜுமந்த் பானு பேகம் என்னும் இயற்பெயர் கொண்ட மும்தாஜ் மஹல், 1612-ஆம் ஆண்டு இளவரசர் குர்ரமை மணந்தார். அவரே பின்னாளில் ஷாஜஹான் என்னும் பெயரில் அரியணை ஏறியவர். பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் மும்தாஜ் ஈன்ற குழந்தைகள் 14. அவர்களுள் பிழைத்து வளர்ந்தோர் எழுவர் மட்டுமே. கருவுற்றிருந்த காலத்திலும் கணவரின் படைப் பயணங்களில் அவர் உடன் சென்றார். தக்காணப் போரின்போது புர்ஹான்பூரில், 1631 ஜூன் 17 அன்று, பதினான்காம் பிரசவத்தில் வஃபாத்தானார். அன்று பிறந்த கவ்ஹர் ஆரா பேகம் எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். தாயின் முகத்தை மட்டும் அவர் அறியவில்லை.

பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கே மும்தாஜின் மரணத்திற்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பேரரசின் செல்வமும் அரண்மனை ஹகீம்களும் அவரைக் காக்க இயலவில்லை. இரத்தம் ஏற்றும் முறையோ, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசியோ அக்காலத்தில் இல்லை.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. “முதல் மூன்றும் சுகப்பிரசவம்தானே, இதற்கு எதற்கு மாதாமாதம் மருத்துவமனை?” என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. மும்தாஜும் பதின்மூன்று முறை பிரசவித்து உயிர் பிழைத்தவரே. முந்தைய பிரசவங்கள் அடுத்ததற்கு உத்தரவாதம் ஆகா. சொல்லப்போனால், பல முறை ஈன்ற கருப்பை தளர்ந்து, இரத்தப்போக்கு அதிகரிக்கும் அபாயம் கூடுகிறது.

நோயின்றி இருக்கும் கர்ப்பிணியையும் தவணை முறையில் பரிசோதிக்கும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடின்பரோவின் மருத்துவர் பாலன்டைன் போன்றோரின் முயற்சியால் வேரூன்றியது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவ ஆலோசனை பெறப் பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம் கூடுவதைக் கர்ப்பிணி உணராமலே இருக்கலாம், கருவி காட்டிவிடும். இரத்தசோகையை முன்பே அறிந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பதை ஸ்கேன் காட்டும். எல்லா ஆபத்தையும் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடாது. எனவேதான் வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவிப்பதும் அவசியமாகிறது.

பிரசவத்தில் மரணிக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. அது பிரிந்தவருக்கான நற்செய்தியும் உற்றாருக்கான ஆறுதலும் ஆகும். நம் அலட்சியத்திற்கான அனுமதி அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே கணவன்மார்களே, மாமியார்களே! பரிசோதனை நாளை நினைவில் வைத்து, வீட்டு வேலையை ஒருநாள் பகிர்ந்துகொண்டு, அவளுடன் நீங்களே செல்லுங்கள். ஷாஜஹானால் மனைவிக்குச் செய்ய முடிந்தது பளிங்கு மாளிகை மட்டுமே. நம்மால் அதனினும் மேலானதைச் செய்ய முடியும்.

கருவுற்ற நம் பெண்கள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தையும் நீண்ட ஆயுளையும் அருள்வானாக. ஆமீன்.