தோணா திருப்பித் தந்தது: வீட்டுக்குள் பிளாஸ்டிக்கைக் குறைக்க ஒரு கரையோரக் கைந்நூல்

கடந்த மாரி மழையில் தோணாவின் தண்ணீர் எங்கள் குசினிக்குள் வந்தது. இரண்டு நாட்கள் கணுக்காலளவு நின்று வடிந்த பிறகு தரையில் சேற்றோடு சொப்பிங் பேக், லஞ்ச் சீட், ஷாம்பு பக்கெட், யோகட் கப் எல்லாம் கிடந்தன. கதவு மூலையில் ஒதுங்கிய ஒரு பேக்கில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடையின் பெயர் இருந்தது. உம்மா அதைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டே, "நாம குடுத்தத்தத் திருப்பித் தந்திருக்கு மகள்" என்றார்.

வீடு காய்ந்த பிறகு ஓர் உரப்பையைக் குசினிக் கதவில் தொங்கவிட்டேன். ஏழு நாட்களுக்கு வீட்டில் எறியப்படும் எந்தப் பிளாஸ்டிக்கும் அதற்குள்தான் போக வேண்டும் என்று சொன்னேன். நாங்கள் ஐந்து பேர். எட்டாம் நாள் கொட்டி எண்ணியபோது 63 துண்டுகள். அவற்றில் 38 சொப்பிங் பேக். பெரும்பாலானவை கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பத்து நிமிடங்களுக்கு மட்டும் பயன்பட்டவை.

இந்தக் கட்டுரை அந்தப் பையைச் சிறிதாக்க நாங்கள் எடுத்த முயற்சியின் கதை. பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாம் எறிவது எங்கே போகிறது?

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை எங்கள் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள மணல் நிலத்தில் வீட்டுக்கு வீடு மதில். குப்பைக்கென்று ஒதுக்க வெற்று நிலம் இல்லை. ஆழமில்லாத கிணறுகள் இருக்கும் மணலில் புதைப்பதும் புத்தியில்லை. எனவே வீட்டுக்கு வெளியே போகும் குப்பைக்கு நான்கு வழிகள்தான்: தோணா, கடல், நெருப்பு, அல்லது குப்பை வண்டி.

தோணா என்பது மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் இயற்கை வடிகால். அது அடைபட்டால் மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வரும். பங்களாதேஷ் இதை எங்களுக்கு முன்பே கண்டது. 1988, 1998 ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால்களை அடைத்தவற்றில் மெல்லிய பொலித்தீன் பைகள் முக்கியமானவை என்று அங்கு கண்டார்கள். 2002 இல் அந்தப் பைகளைத் தடைசெய்த உலகின் முதல் நாடாக அது ஆனது.

குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் பள்ளக்காட்டை நினைத்துப் பாருங்கள். கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேரும் இடம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2008 இல் கழிவு முகாமைத்துவத்துக்காக அமைக்கப்பட்டது. யானைகள் உள்ளே வராதிருக்கப் போட்ட மின்வேலி 2014 இல் மின்னல் தாக்கிப் பழுதானது, பிறகு திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்குள்ள பிளாஸ்டிக்கைத் தின்று இறந்திருப்பதாகச் செய்திகள் வந்தன. உடற்கூற்றுப் பரிசோதனைகளில் வயிற்றுக்குள் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் இருந்தன. மீன் குழம்பின் மணம் ஒட்டிய பேக்கை யானையால் உணவிலிருந்து பிரித்தறிய முடியாது.

இது எப்படி வீட்டுக்குள் வந்தது?

என் மூத்தம்மா சந்தைக்குப் பன்பை கொண்டு போனார். மீன் ஓலை உமலில் வரும். தயிர் மண்சட்டியில் வரும், சட்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். வயலுக்குச் சோறு வாழை இலையிலும் தாமரை இலையிலும் போகும்.

போரும் சுனாமியும் எங்களை வேறொரு பழக்கத்துக்குள் தள்ளின. இடம்பெயர்ந்து வாழ்ந்த எந்தச் சமூகத்தவருக்கும் கறுப்புப் பொலித்தீன் கூரையின் சூடு தெரியும். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் பிறகு முகாம்களில் எங்களுக்குச் சோறு பொலித்தீன் பார்சலில் வந்தது, தண்ணீர் போத்தலில் வந்தது. அன்று அவை உயிர் காத்தன. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவசரத்துக்கு வந்த பழக்கம், வீடு கட்டிக் குடியேறிய பிறகும் எங்களோடு தங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், லஞ்ச் சீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடைசெய்யப்பட்டன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அன்றிலிருந்து தடை.

2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களின் சிறு பக்கெட்டுகள் (20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம் வரை) தடைப்பட்டியலில் சேர்ந்தன. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டு, பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் சேர்ந்தன. 2025 நவம்பர் முதல், கைபிடியுள்ள சொப்பிங் பேக்கைக் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும்.

ஷாம்பு பக்கெட்டும் லஞ்ச் சீட்டும் எங்கள் குசினிக்குள் மிதந்து வந்ததை வைத்தே, சட்டத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளலாம். ஆனாலும் "பேக் வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படுபவருக்கு இந்தச் சட்டம் ஒரு துணை.

எங்கள் வீட்டில் மாற்றியவை

மீன்: முதலில் மாற்றியது இதைத்தான். மூடியுள்ள ஒரு வாளியைச் சந்தைக்குக் கொண்டு போகிறேன். முதல் நாள் மீன்காரக் காக்கா, "பேக்குக்கு நான் காசா கேட்டன் தங்கச்சி?" என்று சிரித்தார். இப்போது என்னைக் கண்டதும் வாளிக்குக் கை நீட்டுகிறார். ஈர மீனுக்கு இரண்டு பேக் போட்டுக் கட்டுவது வழக்கம் என்பதால், இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் வாரத்துக்குப் பத்துப் பேக் குறைந்தது.

பலசரக்கும் மரக்கறியும்: மருதமுனைக் கைத்தறித் துணியில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி ஆறு பை தைத்தோம். ஒன்று வாப்பாவின் சைக்கிளில், ஒன்று என் கைப்பையில், மற்றவை கதவருகே ஆணியில். பையை மறப்பதுதான் பெரிய பிரச்சினை, தைப்பது அல்ல. தமிழ்நாட்டில் 2019 இல் தடை வந்த பிறகும், 2021 இறுதியில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கத்தையே அரசு தொடங்க வேண்டியிருந்தது. பழக்கம் அவ்வளவு மெதுவாகத்தான் திரும்புகிறது.

கடைச் சாப்பாடு: கொத்து, குழம்பு, பிளேன்ரீ எல்லாம் சூடாகப் பொலித்தீனில் வருகின்றன. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கிலுள்ள இரசாயனங்கள் உணவுக்குள் கசிவது கூடும். எவர்சில்வர் அடுக்குச்சட்டியைக் கொண்டு போனால் கடைக்காரர் மறுப்பதில்லை.

நோன்புக் கஞ்சி: சின்ன வயதில் அஸருக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலில் வரிசையில் நிற்போம். இன்று கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி பேக்கில் கட்டப்படுகிறது. ஒரு மஹல்லாவில் நாளொன்றுக்கு 300 வீடுகள் கஞ்சி எடுத்தால், முப்பது நாட்களில் 9,000 பேக். பள்ளிவாசல் நிருவாகம் "பாத்திரம் கொண்டு வாருங்கள்" என்று ஓர் அறிவித்தல் செய்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். நாடு முழுவதும் பேச வேண்டியதில்லை, ஒரு ஒலிபெருக்கி போதும்.

வலிமாவும் கந்தூரியும்: ஐந்தாறு பேர் ஒரு சஹனைச் சுற்றியிருந்து சாப்பிடும் வழக்கத்தில் எறிவதற்கு ஒன்றுமில்லை. சஹனை வைத்துவிட்டு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் யோகட் கப்பும் பிளாஸ்டிக் கரண்டியும் கொடுக்கிறோம். தம்பியின் கலியாணத்தில் குடத்துத் தண்ணீரும் கிளாசும் வைத்தோம், மண்சட்டித் தயிர் வைத்தோம். "செலவுக்குப் பார்க்கிறார்கள்" என்று இரண்டு பேர் சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் வளவு கூட்ட அரை மணி நேரமே எடுத்தது.

குளியலறை: ஷாம்பு பக்கெட்டுக்குப் பதிலாகப் பெரிய போத்தல் அல்லது சவர்க்காரக் கட்டி. மாதக் கணக்கில் பார்த்தால் பெரிய போத்தல்தான் மலிவு. ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்பவர் கையில் அந்தத் தொகை ஒரே நேரத்தில் இருக்காது. பக்கெட் வாங்குபவரைக் குற்றம் சொல்வதைவிட, கடைகளில் அளந்து ஊற்றிக் கொடுக்கும் முறை திரும்பி வருவது நல்லது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஒருகாலத்தில் அப்படித்தான் வாங்கினோம்.

எரித்தால் என்ன? விற்றால் என்ன?

பின்வளவில் எரிப்பது மிக மோசமான வழி. பீ.வீ.சீ. குழாய், சில உறைகள் போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுகள் வெளியேறும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் பிள்ளைகள்.

மீள்சுழற்சி உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. உலகில் சேரும் பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதமே மீள்சுழற்சியாகிறது. போத்தலின் அடியிலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். 1 (தண்ணீர், சோடாப் போத்தல்), 2 (ஷாம்புப் போத்தல், கேன்), 5 (கடினமான டப்பாக்கள்) என்று இருப்பவற்றைக் கழுவிச் சேர்த்தால் விற்கலாம். எங்கள் தெருவுக்கு வரும் பழைய சாமான்காரர் இவற்றை எடுக்கிறார். பேக்கையும் பக்கெட்டையும் அவர் தொடுவதில்லை. யாரும் வாங்காத பொருளை வீட்டுக்குள் எடுக்காமல் இருப்பதே வழி.

முடியாதவை

தங்கையின் குழந்தைக்கு இரவில் பம்பஸ் இன்னும் தேவைப்படுகிறது. பகலில் மட்டும் துணி. பிஸ்கட், பால்மா, மருந்து உறைகளுக்கு எங்களிடம் மாற்று இல்லை. வாப்பா இப்போதும் மாதத்தில் நான்கைந்து தடவை பையை மறந்து பேக்கோடு வருகிறார். அவற்றைக் கழுவிக் காயவைத்து மீண்டும் பாவிக்கிறோம்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு உரப்பையை மீண்டும் ஒரு வாரம் தொங்கவிட்டேன். இம்முறை 22 துண்டுகள், அதில் சொப்பிங் பேக் ஐந்து. ஒரு வீட்டால் தோணா திறக்காது என்பது எனக்குத் தெரியும். அதைத் துப்புரவாக்குவதும், பள்ளக்காட்டுக்கு வேலி போடுவதும், குப்பையைத் தரம்பிரித்து எடுப்பதும் சபைகளின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதற்கிடையில் நீங்களும் ஒரு வாரத்துக்கு ஒரு பையைத் தொங்கவிட்டு எண்ணிப் பாருங்கள். எதிலிருந்து தொடங்கலாம் என்று அந்தப் பையே சொல்லும். எங்கள் வீட்டில் அது மீன் வாளி.