இரண்டாம் பரிசு வாங்கிய பாட்டுக்குழு



வரலாற்று வகுப்பில் ஸ்பெயின் என்றால், 1939-இல் உள்நாட்டுப் போர் முடிந்து ஜெனரல் பிராங்கோ ஆட்சியைப் பிடித்ததோடு பாடம் நின்றுவிடும். அவருக்குப் பிறகு அந்த மக்கள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று கேட்டால், நான் ஒரு பாட்டுக்குழுவைத்தான் காட்டுவேன். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

குழுவின் பெயர் 'கக்கா தெ லூக்ஸ்'. முதல் சொல்லுக்கு நம் வீட்டுக் குழந்தைகள் சொல்லும் அதே பொருள்தான் ஸ்பானிய மொழியிலும்! கூடவே 'சொகுசு' என்று ஓர் அடைமொழி. பாட்டு வரிகள்கூடத் தணிக்கைக்குப் போய் வந்த நாட்டில், இப்படி ஒரு பெயர் வைப்பதே துணிச்சல்தான்.

பிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். 1977 ஜூனில், 41 ஆண்டுகளுக்குப் பின் சுதந்திரமான பொதுத்தேர்தல் நடந்தது. அதே ஆண்டு மாட்ரிட்டில், ஞாயிறுதோறும் கூடும் எல் ராஸ்ட்ரோ சந்தைப் பக்கம் சுற்றிய இளைஞர்கள் சிலர் சொந்தமாக ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார்கள். சட்டையில் குத்தும் ஊக்கைத்தான் அதன் பெயரில் வைத்தார்கள். லண்டன் பங்க் இளைஞர்களின் அடையாளமும் அந்த ஊக்குதான். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்தது இந்தக் குழு.

அதில் கிட்டார் வாசித்த அலாஸ்கா, மெக்சிகோவில் பிறந்த 14 வயதுப் பெண். கார்லோஸ் பெர்லாங்கா, புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்காவின் மகன். நாச்சோ கானுட், பெர்னாண்டோ மார்கெஸ், என்ரிக்கே சியெரா, மனோலோ காம்போவமோர் ஆகியோரும் இருந்தார்கள். வாசிப்பில் தேர்ச்சி குறைவு. சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடும் அவசரம் அதிகம்.

1978-இல் மாட்ரிட்டில் நடந்த ராக் போட்டியில் இரண்டாம் இடம். நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு சிறிய இசைத்தட்டு. அந்த ஆண்டே குழு கலைந்துவிட்டது.

கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால் கலைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். அலாஸ்கா, பெர்லாங்கா, கானுட் மூவரும் 'அலாஸ்கா இ லோஸ் பெகமாய்ட்ஸ்' குழுவில் சேர்ந்து நாடறிந்தவர்களானார்கள். சியெரா 'ராடியோ புத்தூரா' குழுவின் கிட்டார் கலைஞரானார். மார்கெஸ் 'பரையிசோ', பிறகு 'லா மோட்' என்று தொடர்ந்தார். 1980-களின் ஸ்பானிய இசையில் பாதி வழிகள் அந்த ஒரு சந்தைத் தெருவிலிருந்து கிளம்பியவை போலத் தோன்றும்.

அந்தக் கலை எழுச்சியை 'மோவிதா' என்பார்கள். அதற்கு ஆதரவு தந்த மேயர் என்ரிக்கே தியெர்னோ கல்வானுக்குப் பெரும் புகழ் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அவர் மேயரானது 1979 ஏப்ரலில். புதிய அரசியலமைப்புக்கு மக்கள் வாக்களித்ததே 1978 டிசம்பர் 6-இல்தான். அதற்கெல்லாம் காத்திராமல் இந்தப் பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். சட்டம் சுதந்திரத்தை எழுதி வைக்கலாம். அதைப் புழங்கிப் பார்க்க யாராவது முதலில் வேண்டும் அல்லவா?

நேரம் கிடைத்தால் அந்த நான்கு பாட்டையும் கேளுங்கள். காதுக்கு இதமாக இருக்காது, முன்னமே சொல்லிவிடுகிறேன். 36 ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்த வீட்டில் பிள்ளைகள் போட்ட முதல் கூச்சல் வேறு எப்படி இருக்கும்?