பயோடெக் இடம் யாருக்கு?

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எம்.டெக். பயோடெக்னாலஜி, எம்.டெக். கம்ப்யூட்டேஷனல் பயாலஜி ஆகிய இரண்டு படிப்புகளுக்கும் அந்தக் கல்வியாண்டில் மாணவர் சேர்க்கை இல்லை. ஆசிரியர் இல்லாமலோ மாணவர் வராமலோ இந்த நிலை வரவில்லை. அந்த இரண்டு படிப்புகளுக்கும் நிதி தருவது ஒன்றிய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை. நிதி ஒன்றியத்தினுடையது என்பதால் அதன் 49.5 விழுக்காடு இடஒதுக்கீடா, பல்கலைக்கழகம் மாநிலத்தினுடையது என்பதால் தமிழ்நாட்டின் 69 விழுக்காடா என்ற இழுபறியில் படிப்புக்கே பூட்டுப் போட்டார்கள். மாணவிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டுக்கு 49.5 விழுக்காட்டின்படி சேர்க்கை நடத்தச் சொல்லி பிப்ரவரியில் உத்தரவு வந்தது.

69 போய் 49.5 வந்தால் யாருக்கு என்ன ஆகும்? முழக்கத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 100 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மாநில முறையில் பட்டியல் சாதியினருக்கு 18. அதற்குள் அருந்ததியருக்கு 3. ஒன்றிய முறையில் அது 15 ஆகிறது, உள்ஒதுக்கீடும் போய்விடுகிறது. பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சேர்ந்து பெற்ற 50, ஒரேயடியாக 27க்கு இறங்குகிறது. பழங்குடியினருக்கு மட்டும் 1 என்பது 7.5 ஆக உயர்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும், நமக்கு வசதியாக இல்லை என்பதற்காக மறைக்கக் கூடாது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்துதான் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. மரபறிவைத் தந்தவர்களோடு வருமானத்தைப் பங்கிட்டதற்கு உதாரணமாக உலகம் முழுக்க இதைப் பாடமாக நடத்துகிறார்கள். அதே காணிக்காரர்கள் நம் பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்தப் பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்க, நூற்றில் ஒன்று.

மலையிலிருந்து வயலுக்கு இறங்குவோம். நாஞ்சில் நாடு நெல்லால் பேர் பெற்றது. நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. இந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக விதைத்தவர்கள், நட்டவர்கள், எந்த மண்ணுக்கு எந்த விதை என்று கைப்பழக்கத்திலேயே அறிந்தவர்கள் பறையரும் புலையரும் பள்ளரும். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்ததாக அறிவித்ததே 1855இல்தான். அதுவரை நிலத்தோடு ஆளையும் விற்கலாம், அடகு வைக்கலாம். விதையைப் பற்றி அவர்கள் அறிந்ததை அறிவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த அடிமைக் காலத்திலேயே மயிலாடியில் ஒரு காரியம் நடந்தது. மகாராசன் என்ற சாம்பவர் 1799இல் சிதம்பரம் யாத்திரை போனார். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் போய், அங்கே கிறிஸ்தவத்தைத் தழுவி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று மிஷனரி ரிங்கல்தௌபேயை அழைத்தவர் அவர். 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் சபையும் பள்ளியும் எழுந்தன. சில ஆண்டுகளில் மீட் என்ற மிஷனரியின் காலத்தில் அந்தக் கல்விப்பணி நாகர்கோவிலுக்கு இடம் மாறியது, 1893இல் கல்லூரியானது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வேரை மயிலாடியில்தான் காட்டுகிறது. மாவட்டத்தின் கல்விப் பெருமையைப் பேசும் மேடைகளில் ரிங்கல்தௌபேயின் பெயர் முதலில் வரும். அழைத்து வந்தவர் பெயர் கடைசியில் வரும், சில நேரம் வராமலே போகும். வெள்ளைக்காரர் படகில் கல்வியை ஏற்றிக்கொண்டு தானாக வந்து இறக்கியதைப் போலத்தான் அந்தக் கதை சொல்லப்படுகிறது. ஒரு பறையர் நடந்து போய்க் கேட்டு வாங்கியது அது.

அரசுப் பள்ளிகளின் கதவு திறக்க இன்னும் நூறாண்டு ஆனது. அதற்கும் வயல்தான் ஆயுதமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். அவர் ஊரான வெங்ஙானூர் இன்று கேரளத்தில் இருக்கலாம். அன்று அதுவும் நாமும் ஒரே அரசின் கீழ்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

அதற்கு 6 ஆண்டுகள் முன்பே டெல்லியில் வேறொரு கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர், எத்தனையாவது தலைமுறையாக இருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் சி.எஸ்.ஐ., சால்வேஷன் ஆர்மி சபைகளில் எத்தனை சாம்பவர் குடும்பங்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். தென் திருவிதாங்கூரில் பள்ளியைக் கேட்டு வாங்கியவரின் வழியில் போனவர்களுக்குப் பட்டியல் சாதி இடம் இல்லை.

இப்போது அந்த எம்.டெக். கணக்குக்குத் திரும்புவோம். ஒரே தெருவில் இரண்டு சாம்பவர் வீடு. ஒரு வீட்டில் சாமி படம், மறு வீட்டில் சிலுவை. இரண்டு வீட்டிலும் பி.எஸ்சி. பயோடெக் முடித்த ஒரு பெண். முதல் பெண்ணுக்கு 18 என்பது 15 ஆகும். இரண்டாமவளுக்கு 26.5 விழுக்காட்டுக்குள் இருந்த போட்டி, மிகவும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்த 27க்குள் நெருக்கப்படும். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு என்பதால் அதுவரை இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முனைவர் பட்டம் என்று வரும்போது பாதை பிரியும். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு முதல் பெண் விண்ணப்பிக்கலாம், மற்றவளால் முடியாது. ஆய்வகத்தில் ஐந்து ஆண்டு ஓட்ட மாதாமாதம் பணம் வேண்டும். வயல் கூலி வீட்டுக்கு அந்தப் பணம்தான் படிப்பு.

இதனால்தான் பல பெற்றோர் பள்ளிச் சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதமுமாக வாழ்கிறார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் 2024 நவம்பரில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புச் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. இனி அந்த வழியில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தாழ்த்தப்பட்டோராக இருந்து வேறு மதங்களுக்கு மாறியவர்களின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டு கெடு கொடுத்தார்கள், பிறகு அதை நீட்டித்தார்கள்.

பயோடெக் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் தோழர்கள் விளக்கக் கையேட்டில் பாடத்திட்டத்துக்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: படிப்புக்கு நிதி தருவது யார், இடஒதுக்கீடு எந்த விதிப்படி. எழுதியிருக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.