வில் முறிந்தது, தோள்?

சென்ற குளிர்காலத்தில் ஒஸ்லோவிலுள்ள வில்வித்தைக் கழகமொன்றின் உள்ளரங்கில் எனது வலது தோளைக் கெடுத்துக்கொண்டேன். பிழை முழுக்க என்னுடையது. முப்பத்தைந்து இறாத்தல் வில்லை ஓரளவு நிதானமாக இழுக்கப் பழகியிருந்த நான், அங்கே சாத்தியிருந்த எழுபது இறாத்தல் மரவில்லொன்றை எடுத்து, 'ஒருக்கால் பார்ப்பம்' என்று காதுவரை இழுத்துவிட்டேன். மூன்று மாதங்கள் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. நோவோடு திரிந்த என்னைப் பார்த்து நண்பரொருவர், 'வல்வில் ஓரி பரம்பரைக்கா இந்த நிலை?' என்று பகிடி விட்டார். அந்தப் பகிடியை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152ஆம் பாட்டு. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவிப் போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. கொல்லிமலையில் தமிழக அரசு ஆடி 18ஐ ஒட்டி ஓரிக்கு விழா எடுக்கிறது. இத்தகைய வில்லை இழுக்க ஒரு மனிதன் எத்தனை வருடம் பழகியிருப்பான் என்பது பாட்டில் இல்லை. பாட்டுக்கு அது தேவையுமில்லை. ஆனால் பாட்டை வரலாறாக வாசிக்கும் நமக்கு அது தேவை. நாமோ வீரத்தைப் பிறப்போடு வருவதாகவே பேசிப் பழகிவிட்டோம். கம்பனிலும் சனகனது வில்லை இராமன் காலூன்றி நாணேற்றும் வேலை, பார்த்திருந்தவர்களின் கண்ணில் படாமலே நடந்துவிடுகிறது. அவர்கள் காண்பது வில்லைக் கையால் எடுத்ததை, கேட்பது அது முறிந்த ஓசையை.

நோர்வேஜியர்களிடமும் இதற்கு ஈடான ஒரு கதை உண்டு. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் நடந்த ஸ்வோல்டர் கடற்போரில் மன்னன் ஊலாவ் திரிக்வசனின் கப்பலில் நின்ற ஐனார் தம்பர்ஷெல்வ என்பவனின் வில், எதிரியின் அம்பு பட்டு முறிகிறது. முறிந்தது என்னவென்று மன்னன் கேட்க, உன் கையிலிருந்த நோர்வேதான் என்கிறான் அவன். மன்னன் தன் வில்லைக் கொடுக்கிறான். அதை அம்பின் முனையையும் தாண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, மன்னனின் வில் மெலிது என்று எறிந்துவிடுகிறான். ('தம்பர்ஷெல்வ' என்றால் நாணை அதிரவைப்பவன் என்று சிலரும், தொந்தி குலுங்குபவன் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள்!) இதை எழுதிய ஸ்நொர்ரி ஸ்துர்லுசன் இன்னொன்றும் சொல்கிறார்: இருபது வயதுக்குக் குறைந்தவர்களை அந்தக் கப்பலில் ஏற்றக்கூடாதென்பது விதி, ஐனாருக்குப் பதினெட்டு. விதியைத் தளர்த்தித்தான் சேர்த்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் உடலை வீரத்துக்கு அளவுகோலாக்கியவர்கள் நாம் மட்டுமல்ல.

ஆக, இரண்டு கதைகளிலும் முறிவது வில்தான். தோளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

தோளின் கதையை எலும்புகள்தான் சொல்கின்றன. 1545இல் இங்கிலாந்தின் போட்ஸ்மவுத் அருகே மூழ்கிய 'மேரி றோஸ்' என்ற போர்க்கப்பல் 1982இல் மேலே கொண்டுவரப்பட்டது. அதிலிருந்து கிடைத்த, யூ மரத்தாலான முழு வில்கள் மட்டும் 130க்கு மேல். அவற்றின் இழுவிசை 100 முதல் 185 இறாத்தல் வரை இருந்திருக்குமென்று கணித்திருக்கிறார்கள். நூற்றைம்பது இறாத்தல் என்பது அறுபத்தெட்டு கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைவிடப் பாரம், அதுவும் மூன்று விரல்களில். அக்கப்பலில் இறந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டேர்லண்ட், தோள்பட்டை எலும்பின் நுனி பொருந்தாமலே நின்றுவிட்ட தோள்கள் வழமையைவிட மிக அதிகமாக இருப்பதைக் கண்டார். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் ஒட்டவேண்டிய நுனி அது. வளரும் வயதிலேயே பாரமான வில்லை ஓயாமல் இழுத்ததே காரணமாகலாம் என்பது அவரது கருத்து. பரம்பரையாலும் அப்படி வரலாம் என்று மறுப்போரும் உள்ளனர். எப்படியாயினும், ஐனாரின் பதினெட்டு வயதை அதற்குப் பிறகு என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

அதே காலத்து இங்கிலாந்தில் காயமின்றி இழுப்பதற்கான அறிவும் இருந்தது. ஹியூ லற்றிமர் என்ற மதகுரு 1549இல் அரசன் முன் ஆற்றிய பிரசங்கத்தில், கமக்காரரான தன் தந்தை வில் பழக்கிய விதத்தை நினைவுகூர்கிறார். கையின் பலத்தால் இழுக்காமல் உடலையே வில்லுக்குள் சாய்க்கப் பழக்கினாராம்; வயதும் பலமும் கூடக்கூடத்தான் பெரிய வில் வாங்கிக் கொடுத்தாராம். எனக்குச் சிகிச்சை தந்த இயன்மருத்துவர் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. வில்லைப் பிடிக்கும் தோள் மேலே ஏறினால் தோள்நுனிக்குக் கீழே செல்லும் தசைநாண் நசிபடும். தோளை இறக்கி வைக்கவேண்டும். முழங்கை பின்னால் சுற்றிப் போக, தோள்பட்டைகள் முதுகுத்தண்டை நோக்கி நெருங்கவேண்டும். முழுதாக இழுத்தபின் நெடுநேரம் பிடித்து நிற்கக்கூடாது. கை நடுங்கத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடவேண்டும். தசை சில வாரங்களில் பலம் பெறும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். ஆகவே ஒரு தடவைக்கு ஐந்து இறாத்தலுக்கு மேல் கூட்டக்கூடாது. 'இழுக்க முடிந்தது' என்பதை வைத்து உடல் தயாராகிவிட்டதென்று எண்ணியதுதான் நான் விட்ட பிழை.

நம்மிடம் இந்த அறிவு இருக்கவில்லை என்று சொல்லவரவில்லை. நாண் உரசாமலிருக்க முன்கையில் கட்டும் தோலுக்குக் 'கோதை' என்றும், விரலுறைக்குப் 'புட்டில்' என்றும் தமிழில் சொல் இருந்திருக்கிறது. காயப்பட்டவர்கள் இருந்ததால்தான் இச்சொற்கள் பிறந்தன. கிரேக்கரான ஆரியன், அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸைச் சான்றாக வைத்து எழுதிய இந்தியா பற்றிய நூலில், இந்தியக் காலாட்கள் ஆளுயர வில்லை நிலத்தில் ஊன்றி இடது காலால் அழுத்திக்கொண்டு எய்தார்கள் என்கிறார். தோளின் பாரத்தில் ஒரு பங்கைக் காலும் நிலமும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடென்றே எனக்குப்படுகிறது. நோர்வேயின் பழைய குலத்திங் சட்டமோ கடற்படைக் கப்பலில் ஒவ்வொரு துடுப்பிருக்கைக்கும் ஒரு வில் இருக்கவேண்டும் என்றது. அதை இழுத்தவர்கள் விவசாயிகளும் மீனவர்களும்தான். அவர்களின் தோள்நோவை எந்தச் சாகாவும் பாடவில்லை. ஓரியோடு கொல்லிமலையில் வில் பிடித்த வேட்டுவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியாது.

இப்போது இருபது இறாத்தலில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். பக்கத்து இலக்கில் எய்யும் பத்து வயதுச் சிறுமியின் வில் பதினாறு. அடுத்த வருடம் அவளுக்குப் பதினெட்டு தருவார்களாம், அதுவும் பயிற்சியாளர் பார்த்துச் சொன்னால்தான்.