எவர்சில்வர்: துருவைத் தடுக்கும் விதம்

எவர்சில்வர் எனப் புழங்கும் துருப்பிடிக்காத எஃகு, குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த இரும்பு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடியிலுள்ளதையும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கும். இந்தப் படலமோ இறுகப் பற்றி நிற்கும். தேய்க்கும்போது கம்பி நார் கீறினாலும், காற்றுப் பட்டதும் கீறலில் புதுப் படலம் உண்டாகிவிடும். முலாம் பூசிய பாத்திரத்துக்கு இந்த வசதி கிடையாது.

இதன் வரலாற்றை இந்திய உருக்கிலிருந்தே தொடங்க வேண்டும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே அந்த உருக்கைப் பகுத்தாய்ந்து 1819இல் கட்டுரை எழுதினார். பின்னர், கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து, முடிவுகளை 1820இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே பிரான்சின் பியர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு சில அமிலங்களைத் தாங்குவதைக் கண்டு, கத்தி செய்ய ஏற்றது என்றார். ஆனால் கார்பன் மிகுந்த அந்தக் கலவை எளிதில் நொறுங்கியது. ஜெர்மானியரான ஃபிலிப் மொன்னார்ட்ஸ், குரோமியம் 12 விழுக்காட்டை நெருங்கும்போது அரிப்பு சட்டெனக் குறைவதை 1911இல் விளக்கினார். அறிவியல் அடித்தளம் அவருடையதே. 1912இல் எஸ்ஸன் நகரின் க்ருப் ஆலை, குரோமியத்துடன் நிக்கலும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை கோரியது; இன்றைய சமையலறைப் பாத்திரங்களுக்கு அதுவே மூலம். துப்பாக்கிக் குழாய்த் தேய்மானத்தை ஆராய்ந்த ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியம் சேர்ந்த எஃகை வார்த்தார்.

தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1981இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது.

எவர்சில்வரைக் காக்கும் ஆக்சைடு படலத்துக்குப் பெரும் பகை குளோரைடு. கல்லுப்பை ஈரத்தோடு பாத்திரத்தில் விட்டுவைத்தால், உப்புப் படிந்த இடங்களில் ஊசி முனையளவு குழிகள் விழும். குழிக்குள் அமிலம் சேர்வதால் அங்கே படலம் மீண்டும் உருவாவதில்லை. அரிப்பு உள்நோக்கி இறங்கும். சென்னை அருகே வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கடலோரக் கோவளம் போகப் போக உப்புக் காற்று கூடும். அந்தப் பக்கம் வீடு கட்டுவோர், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 ரகத்தை விட, 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகக் கைப்பிடிக்குச் செலவு செய்வதே சரி. 304இல் தேநீர் நிறக் கறை சீக்கிரம் படியும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவினால் அது மட்டுப்படும்.

பற்றவைப்பு இன்னொரு பலவீனம். அந்தச் சூட்டில் கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொள்ள, இணைப்பை ஒட்டிய பகுதியில் குரோமியம் குன்றிப்போகும். கல்பாக்கம் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலத்துக்குக் கார்பன் குறைத்து நைட்ரஜன் சேர்த்த 316 எல்என் ரகத்தைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை மலிவாகக் கிடைக்கிறது. 304ஐப் போலவே அதிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்பதால், கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பது 304ஐ உறுதி செய்யாது.