எரு இடும் முன் மண்ணின் ஈரம் பாருங்கள்

நீலகிரி மண் கறுத்து, மக்குச் சத்து நிறைந்திருக்கும். ராமநாதபுரம் போன்ற வறண்ட சமவெளியில் அது மிகக் குறைவு. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் வெப்பமும் ஈரமும்தான்.

இலை, தழை, எருவை மக்க வைப்பவை நுண்ணுயிர்கள். மண்ணில் ஈரம் இருந்தால், வெப்பம் 10 டிகிரி கூடும்போது அவற்றின் வேலை ஏறக்குறைய இரு மடங்காகும். மலையில் மழையால் செடிகொடிகள் செழிக்கின்றன. குளிரால் தழை மெதுவாக மக்குகிறது. அதனால் மக்குச் சத்து சேர்கிறது. சமவெளியில் சேர்வதும் குறைவு, மழை பெய்ததும் கரைவதும் வேகம். ஈரம் வற்றினால் நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடும்.

சரியாக மக்காத எருவைக் கோடையில் பரப்பி, உழாமல் விட்டால் தழைச்சத்து அமோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். செலவு செய்தும் பயிருக்குப் பலன் குறைவு.

செய்ய வேண்டியவை:

• ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரத்தை, மழைக்குப் பின் உழவுப் பதத்தில் இட்டு அன்றே உழவும்.

• செம்மண் நிலத்தில் ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள். உருண்டையாகி, தட்டினால் உதிர்ந்தால் பதம் சரி.

• தண்ணீர் வசதி இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் (சுமார் 45 நாள்) மடக்கி உழவும்.

• அறுவடைத் தாளை எரிக்காமல் மூடாக்காகப் பரப்புங்கள். மண் சூடு தணியும், ஈரம் நிற்கும்.

நம் வெயிலில் மக்குச் சத்து தங்காது என்பதால், இதை ஆண்டுதோறும் செய்வது அவசியம்.